கண் முகாமில் தேர்வானவங்க ஏன் பஸ் ஏறுறதில்ல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தென்காசி மாவட்டத்துல ஒரு அரிமா சங்கத்தோட (லயன்ஸ் கிளப்) செயலாளர் கேள்வி அனுப்பியிருக்கார். அவங்க சங்கம் இலவச கண் சிகிச்சை முகாம் நடத்துச்சு. கூட்டம் நல்லா வந்திருக்கு. கண்புரை அறுவை சிகிச்சைக்கு 40 பேரைத் தேர்வு பண்ணியிருக்காங்க. ஆனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற பஸ்ல ஏறினது 15 பேர்தான். "விளம்பரம் பத்தலையா, அடுத்த தடவை மைக் கட்டி இன்னும் ரெண்டு ஆட்டோ விடணுமா?"ன்னு கேட்கிறார்.

ஆட்டோ வேண்டாம் சார். கூட்டம்தான் வந்துடுச்சே. விளம்பரம் ஆளைப் பந்தலுக்குக் கொண்டுவரும், பஸ்ல ஏத்தாது. பஸ் ஏறுறதா வேண்டாமாங்கிறது வீட்டுல முடிவாகுற விஷயம். முகாம் அன்னைக்கு மத்தியானம் டாக்டர் "ஆபரேஷன் பண்ணணும் பாட்டி"ன்னு சொல்றப்பதான் அந்தம்மாவுக்கே முதல் தடவையாத் தெரியுதுன்னா, அவங்க என்ன சொல்லுவாங்க? "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்"ம்பாங்க. அதோட சரி, அவங்களைப் பிடிக்க முடியாது.

நோட்டீஸை எடுத்துப் பாருங்க. அரிமா மாவட்ட ஆளுநர் படம், தலைவர், செயலாளர், பொருளாளர் படம், நன்கொடை கொடுத்தவர் பேரு எல்லாம் இருக்கும். "தேர்வானவங்க அன்னைக்கே கிளம்பணும், ரெண்டு மூணு நாள் தங்கணும்"ங்கிற வரி கீழே பொடி எழுத்துல இருக்கும், இல்லைன்னா இருக்கவே இருக்காது. அதைத்தான் பெருசாப் போடணும். மாத்துத்துணி, ஆதார் நகல், வீட்டுல ஒருத்தரோட போன் நம்பர், தினமும் சாப்பிடுற மாத்திரை, அதோட சீட்டு, இதெல்லாம் கையில கொண்டு வரணும்னு போடுங்க. ஆட்டோ மைக்குலயும் இதையே சொல்லச் சொல்லுங்க. காலையில 10 மணிக்கு ஆட்டோ ஓட்டினா ஊர்ல யாரும் இருக்க மாட்டாங்க. காட்டு வேலை, நூறு நாள் வேலை முடிஞ்சு ஆளுங்க வீடு திரும்புற சாயங்காலம்தான் சரியான நேரம்.

இன்னொரு வரியும் ரொம்ப முக்கியம்: "சாப்பிட்டுட்டு வாங்க, வழக்கமான மாத்திரையைப் போட்டுட்டு வாங்க." ரத்தம் எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டதும் நிறையப் பேர் வெறும் வயித்தோட, மாத்திரையும் போடாம வந்துடுறாங்க. வெயில்ல மூணு மணி நேரம் வரிசை. கடைசியில பி.பி. பார்த்தா எகிறிக் கிடக்கும், "உங்களை இப்ப கூட்டிட்டுப் போக முடியாது"ன்னு அனுப்பிடுவாங்க. சர்க்கரை மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்தவங்க மயக்கம் போட்டு விழுறதும் உண்டு. முகாம்ல பார்க்குற சர்க்கரை சாப்பிட்டிருந்தாலும் பார்க்கலாம்ங்கிற வகைதான், பட்டினி தேவையில்ல.

சரி, முகாமுக்கு முன்னாடி என்ன பண்ணணும்? ரெண்டு வாரம் முன்னாடி வீடு வீடாப் போகணும். சங்க உறுப்பினர்கள் 30 பேர்ல 10 பேர் வந்தாப் போதும், கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைங்களையும் சேர்த்துக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். 3 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு எடுத்துக்குங்க. பெரியவரை நல்ல வெளிச்சத்துல உட்கார வெச்சு, ஒரு கண்ணை உள்ளங்கையால மூடச் சொல்லி, கயித்தோட அந்த முனையில நின்னு விரலைக் காட்டி எண்ணச் சொல்லுங்க. அப்புறம் மறுகண். 3 மீட்டர்ல விரல் எண்ண முடியலைன்னா அது கிட்டத்தட்ட பார்வையிழப்புக் கணக்கு. இந்தியாவுல 2017ல இருந்து உலக சுகாதார நிறுவனத்தோட அதே அளவுகோலைத்தான் வெச்சிருக்காங்க. இந்தப் பேரையெல்லாம் நோட்டுல எழுதுங்க. முகாமுக்கு ஆள் சேர்க்குறதுன்னா இவங்களைச் சேர்க்குறதுதான். தானா நடந்து வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு வேண்டியது படிக்கிற கண்ணாடி மட்டும்தான். நிஜமாவே கண் தெரியாதவர் திண்ணையிலயே உட்கார்ந்திருப்பார், அவரை யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். 1999ல வெளியான ஒரு ஆய்வு, கண் பிரச்சனை உள்ள கிராமத்து ஆட்கள்ல 7 சதவீதத்துக்கும் குறைவாத்தான் முகாமுக்கு வர்றாங்கன்னு காட்டுச்சு. வசதிகள் இப்ப கூடியிருக்கு, ஆனா காரணங்கள் பெருசா மாறல.

போறப்ப 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண் தன்னார்வலரைக் கட்டாயம் பாருங்க. ஊர்ல யாருக்கு சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம், யார் மாத்திரையை ஒழுங்காப் போடுறதில்லைன்னு அவங்களுக்கு வீட்டோட தெரியும். ரெண்டு வாரம் ஒழுங்கா மாத்திரை போட வெச்சுட்டாலே, 'சர்க்கரை அதிகம்'னு கழிக்கப்படுற கணக்கு நல்லாக் குறையும்.

வீட்டுல போய்ப் பேசுறப்ப மூணு நாலு விஷயம் திரும்பத் திரும்ப வரும். "இன்னும் முத்தலையே"ம்பாங்க. புரை முத்தினாத்தான் எடுக்கணும்ங்கிறது பழைய அறுவை முறைக் காலத்துப் பேச்சு. இப்ப உள்விழி லென்ஸ் வைக்கிறாங்க, முத்த விடத் தேவையே இல்ல. ரொம்ப முத்தினா லென்ஸ் கெட்டியாகி அறுவை சிரமமாகும், சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போகும். "வெயில் காலத்துல பண்ணக் கூடாது"ம்பாங்க. பண்ணலாம், அறுவை அரங்குக்குள்ள சித்திரையும் ஒண்ணுதான் மார்கழியும் ஒண்ணுதான். "ஆட்டை யார் பார்க்குறது, பேத்தியை யார் பார்க்குறது?"ன்னு கேட்டாங்கன்னா, அதுதான் உண்மையான காரணம். அதுக்கு மருத்துவ விளக்கம் சொல்லிட்டு இருக்காதீங்க. பக்கத்து வீட்டுல பேசி, ரெண்டு நாளைக்கு ஏற்பாடு பண்ணிட்டு வாங்க.

தேதி வைக்கிறப்ப முகூர்த்த நாள், கோயில் கொடை, அறுவடை மூணும் இல்லாத நாளாப் பாருங்க. இடம் பள்ளிக்கூடமா, தரைத்தளமா இருக்கட்டும். பார்வை அட்டைக்கு 6 மீட்டர், அதாவது 20 அடி நேர்த் தூரம் வேணும். அவ்வளவு இடமில்லைன்னா 3 மீட்டர்ல முகம் பார்க்குற கண்ணாடி வெச்சுச் சமாளிப்பாங்க. கண்ணாடி பவர் பார்க்க இருட்டாக்கக்கூடிய ஒரு அறை, நிக்காத கரண்ட், குடிதண்ணி, பெண்களுக்குக் கழிப்பறை, இவ்வளவுதான். மாவட்ட பார்வையிழப்பு தடுப்புச் சங்கத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுங்க. எந்த ஆஸ்பத்திரி வருதோ, அரவிந்த் மாதிரி பெரிய கண் மருத்துவமனையா இருந்தாலும் சரி, அரசு ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி, டாக்டரும் கருவியும் அறுவையும் அவங்க பொறுப்பு. இடமும் ஆளும் சாப்பாடும் நம்ம பொறுப்பு. பஸ் யாரோடதுன்னு முதல்லயே பேசி முடிச்சுடுங்க, அதுலதான் கடைசி நேரத்துல முட்டிக்கும். பள்ளிக்கூடத்துல மேசை போட்டு அறுவை பண்ணின காலமெல்லாம் போயாச்சு. கிருமித் தொற்று அபாயத்தால இப்ப முகாம்ல பரிசோதனை மட்டும்தான், அறுவை ஆஸ்பத்திரியிலதான்.

பதிவு, பார்வை அட்டை, முதல் பரிசோதனை, கண் அழுத்தமும் கண்ணீர்ப்பையும், பி.பி., சர்க்கரை, அப்புறம் டாக்டர். வரிசை இப்படிப் போகும். கண்ணீர்ப்பையில அடைப்பு இருந்து சீழ் வந்தா, அதைச் சரிபண்ணாம புரையைத் தொட மாட்டாங்க, உள்ளே தொற்று ஏறிடும். அந்த ஆளை "தேர்வாகல"ன்னு விட்டுடாம தனியா எழுதி வைங்க. கூட்டம் தேங்குறது பார்வை அட்டையிலயும் கண்ணாடி பவர் பார்க்குற இடத்துலயும்தான், அதனால தன்னார்வலர்களை அங்க நிறுத்துங்க. பதிவு மேசையில எட்டுப் பேர் உட்கார்ந்து போட்டோ எடுத்துட்டு இருக்குறதுல பிரயோஜனமில்ல. கண்ணுக்குள்ள பாப்பா விரியுறதுக்காகச் சொட்டு மருந்து விட்டவங்களுக்கு நாலஞ்சு மணி நேரம் கிட்டத்துல பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். பைக்ல வந்தவங்களை ஓட்ட விடாதீங்க.

தொடக்க விழா பத்தியும் சொல்லிடுறேன், கோபப்படாதீங்க. மருத்துவக் குழு 8 மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கும். சிறப்பு விருந்தினர் 10 மணிக்கு வந்து, சால்வை போட்டு, குத்துவிளக்கேத்தி முடிக்க 11 ஆகும். அந்த மூணு மணி நேரமும் 70 வயசுக்காரங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. மேடையை மத்தியானம் வைங்க, இல்லைன்னா பரிசோதனை ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் 10 நிமிஷத்துல முடிங்க.

இப்ப பஸ் விஷயம். டாக்டர் தேர்வு பண்ணின அடுத்த நிமிஷத்துல இருந்து அந்த ஆள் உங்க கண் பார்வையிலயே இருக்கணும். தனி இடத்துல உட்கார வெச்சு, சாப்பாடு போட்டு, அங்கிருந்தே மகனுக்கோ மகளுக்கோ போன் போட்டுப் பேசுங்க. "வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வர்றேன்"னு கிளம்புறவங்க கூட ஒரு தன்னார்வலர் போகணும். அதே ஊர்ல ஏற்கனவே அறுவை பண்ணிக்கிட்ட ரெண்டு பேரை அந்த இடத்துல உட்கார வைங்க, டாக்டர் சொல்றதை விட அவங்க சொல்றது எடுபடும். பெண்கள் ஏறணும்னா கூட ஒரு பெண் தன்னார்வலர் பஸ்ல போகணும், இது ரொம்ப வித்தியாசத்தைக் காட்டும். டாக்டர் எல்லாரையும் பார்த்து முடியுற வரைக்கும் பஸ் காத்திருக்கிறதை விட, மத்தியானமே ஒரு நடை போயிட்டா நல்லது.

அறுவை முடிஞ்சு திரும்புறவங்களை ஊர்லயே இறக்கி விடுங்க, சங்கக் கட்டட வாசல்ல இல்ல. சொட்டு மருந்து நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் வரைக்கும் டாக்டர் எழுதின மாதிரி விடணும். யார் விட்டு விடுறாங்கன்னு வீட்டுல கேட்டுக்குங்க. கண் வலி, சிவப்பு, பார்வை திடீர்னு குறையுறது, சீழ், இதுல எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மறுபரிசோதனை ஒரு மாசம் கழிச்சு, அதே இடத்துல. இதுல ஒரு சிக்கல்: அரிமா, ரோட்டரி ரெண்டுலயும் ஆண்டு ஜூலை 1ல மாறும். ஜூன்ல முகாம் போட்டா, மறுபரிசோதனை புதுச் செயலாளர் தலையில விழும், அவர் பதவியேற்பு விழா வேலையில இருப்பார். அதனால முகாமுக்கு முன்னாடியே மறுபரிசோதனைத் தேதியையும் பொறுப்பாளர் பேரையும் தீர்மானப் புத்தகத்துல எழுதிடுங்க.

அறிக்கை எழுதுறப்ப "பரிசோதிக்கப்பட்டவர்கள்" எண்ணிக்கையோட நிறுத்தாதீங்க. தேர்வானவங்க, பஸ் ஏறினவங்க, அறுவை ஆனவங்க, மறுபரிசோதனைக்கு வந்தவங்கன்னு நாலு கட்டம் போடுங்க. கண் அழுத்த நோய், சர்க்கரையால விழித்திரை பாதிப்புன்னு எழுதப்பட்டவங்களுக்குத் தனிப் பட்டியல் வேணும். புரையை எடுத்தா பார்வை திரும்பும், இவங்களுக்குப் போன பார்வை திரும்பாது, இருக்குறதைக் காப்பாத்தத்தான் முடியும்.

ஏறாமப் போன 25 பேரைப் பத்தி நீங்க கேட்கல, ஆனா சொல்லணும். பதிவேடு உங்ககிட்ட இருக்கும். அடுத்த முகாமுக்குக் காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரி முகாம் பிரிவுல பேசி, இந்த முகாம் சீட்டோட நேரா வந்தா இலவசமாச் சேர்த்துக்குவாங்களான்னு கேளுங்க. சரின்னா இந்த வாரமே ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்குப் போய், ஒரு வேன் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுங்க.