வயசாச்சுன்னு விட்டுடலாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு தாம்பத்தியத்தில் சிக்கல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனி எதுக்கு? வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று எதிரணித் தோழர் முழங்கிவிட்டுப் போனார். அந்த மானம் என்ன செய்தது என்று நான் சொல்கிறேன்.

எங்கள் மாமாவுக்கு அப்போது 56 வயது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, பக்கத்து ஊர் லாட்ஜுக்கு வந்த வைத்தியரிடம் ஆறாயிரம் ரூபாய்க்கு லேகியம் வாங்கினார். வீட்டில் ஒளிக்க இடமில்லை, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். உலைக்கு அரிசி அள்ளிய அத்தையின் கையில் டப்பா தட்டுப்பட்டது. இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள், ஐயா! நாம் வாய் திறக்காததால்தான் நோட்டீஸ் இன்னும் கிழியவில்லை.

அத்தைதான் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப் போனார். பரிசோதித்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை 240! அதுவரை அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. டாக்டர் விளக்கினார்: ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், இதயத்துக்குப் போவது மூன்று நான்கு. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். பலருக்கு மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்பே இந்தத் தளர்ச்சி வந்துவிடுகிறது. வயசு என்று ஒதுக்கினால், நடுவர் அவர்களே, நாம் ஒதுக்குவது இதயம் அனுப்பிய தகவலை!

யாருக்கும் தெரியாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தளர்ச்சிக்கென்று 1998-இல் வந்த சில்டெனாபில், அதாவது வயாகரா, நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. டாக்டர் கேட்பார், கடைக்காரர் கேட்பாரா?

இதை ஆண்களின் கதை என்றே எதிரணி பேசியது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, உறுப்பு உலர்ந்து, கூடும்போதெல்லாம் எரிகிறதே பெண்களுக்கு? அதற்கு க்ரீம் இருக்கிறது. தெரிந்தவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்?

அத்தைக்கும் அன்றுதான் தெரிந்தது. அவர் அனுமதியோடு சொல்கிறேன். வீடு திரும்பி என்னிடம் சொன்னார்: "ஆறு வருஷம்டி. வலிக்குதுன்னு நான் தள்ளிப் படுத்தேன். என்னைப் பிடிக்கலைன்னு அவர் நினைச்சிருக்கார். அவர் தள்ளிப் போனப்ப நானும் அதையேதான் நினைச்சேன்."