‘நீயே எழுதிக் கொடுத்துடும்மா’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்

[காட்சி: தி.நகர், துணிக்கடையின் புடவை செக்‌ஷன்]

இரண்டு வருடமாக இங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம். சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிடுகிறார். “நாள் பூரா நிக்கறது உனக்கும் கஷ்டம்மா. நீயே எழுதிக் கொடுத்துடு, கணக்கை முடிச்சுடலாம்.”

குரலில் பாசம்தான். ஆனால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால், கடை அவரை நிறுத்தவில்லை, அவராகவே நின்றுவிட்டார் என்று ஆகிவிடும்.

வேலையில் காட்டும் பாகுபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. அரசியல் சாசனத்தின் 16-வது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியாரில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர், எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று தனித்தனி மத்தியச் சட்டங்கள் இருக்கின்றன. ‘35 வயதுக்கு மேல் வேண்டாம்’ என்று ஒரு கடை போர்டு மாட்டினால் கேட்க வழியில்லை.

சரி, வேலைக்குச் சேர்ந்தவரை வெளியே அனுப்புவது? அது அவ்வளவு லேசில்லை.

[திரையில்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 – பிரிவு 41]

தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம். தப்புச் செய்தார் என்று சொல்லி உடனே அனுப்புவதென்றால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். மீறினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே வரும் முடிவு முதலாளியையும் கட்டுப்படுத்தும். மேனேஜர் மாதிரி நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

கர்ப்பம் நியாயமான காரணம் ஆகாது. முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பே உண்டு. நிற்கக் கஷ்டம் என்கிறாரா? இதே சட்டத்தில் 2021-ல் சேர்த்த 22-ஏ பிரிவு, ஊழியர்கள் உட்கார இருக்கை போடச் சொல்கிறது. அப்படியே அக்கறை என்றால் ஒரு ஸ்டூல் போடட்டும்!

[காட்சி: மேசைமேல் சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. கார்டு, செல்போன்]

ஆறு மாதம் வேலை பார்த்ததைக் காட்ட இவை உதவும். சம்பளச் சீட்டே தராத கடைகள் நிறைய. அங்கே டியூட்டி பற்றி வரும் வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கிறது, ‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று உடனே கடைக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும்.