உப்போடு சர்க்கரை ஏன்?

நேயர்களுக்கு வணக்கம்.

வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொல்கிறோம். உப்பு சரி, உடம்பிலிருந்து போன உப்பை ஈடுகட்ட. சர்க்கரை எதற்கு? மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் நடத்தும் நான், செல் சவ்வுப் பாடத்தை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். "தெம்புக்காக" என்று மாணவர்கள் சொல்வார்கள். வீட்டில் நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தச் சர்க்கரைதான் உப்பைக் குடலுக்குள்ளிருந்து உடம்புக்குள் அழைத்துப் போகிறது. எப்படி என்று புரிய, முதலில் சவ்வைப் பார்க்க வேண்டும்.

உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு மூடியிருக்கிறது. தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள்தான் அதன் அடிப்படை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால்கள். தலை தண்ணீரோடு சேரும், வால் சேராது. அதனால் தண்ணீருக்குள் விட்டால் இவை தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்கின்றன: தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி, வால்கள் நடுவில் ஒளிந்தபடி. 1925-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டரும் கிரெண்டலும் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைவிட இரு மடங்கு இடத்தை அது அடைத்தது. இரண்டு அடுக்கு என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தார்கள்.

இந்தக் கொழுப்புப் படலம் இறுகிப்போன சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய்போல அது ஓயாமல் நெளிகிறது. அதில் பதிந்திருக்கும் புரதங்களும் பக்கவாட்டில் நகர்கின்றன. 1972-இல் சிங்கரும் நிகல்சனும் வரைந்து காட்டிய இந்தப் படம்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

நடுவில் கொழுப்பு இருப்பதால் ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்ஸைடு போன்றவை தடையில்லாமல் கடந்துவிடும். உப்பில் உள்ள சோடியத்தால் முடியாது. அது மின்னூட்டம் கொண்ட அயனி, தண்ணீர் மூலக்கூறுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. குளுக்கோஸாலும் முடியாது. இவற்றுக்கெல்லாம் புரதங்கள்தான் வழிவிட வேண்டும். எந்தப் புரதம் யாருக்கு வழிவிடும், எப்போது விடும் என்பதில்தான் செல்லின் உயிரே இருக்கிறது.

அவற்றுள் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்: சோடியம் பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டு நரம்புகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டு கழித்து நோபல் பரிசு வந்தது. இந்தப் பம்பு ஒவ்வொரு முறையும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பின் ஆற்றலில் கணிசமான பங்கு இதற்கே போகிறது. அதன் பலனாகச் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. வெளியே இருக்கும் சோடியம் உள்ளே வரக் காத்திருக்கிறது.

இப்போது வயிற்றுப்போக்கு நோய்களில் கொடியதான காலராவுக்கு வருவோம். 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலராக் கிருமி ஒரு நச்சை வெளியிடுகிறது என்று நிறுவினார். அந்த நச்சு குடல் செல்லைக் கிழிப்பதோ கொல்வதோ இல்லை. சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, தன் ஒரு பகுதியை மட்டும் உள்ளே அனுப்புகிறது. உள்ளே போனது, உப்பின் இன்னொரு பகுதியான குளோரைடு வெளியேறும் புரத வழியைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, தண்ணீரும் அதோடு போகிறது. நோய் கடுமையானால் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை இழக்கக்கூடும். இந்த நேரத்தில் வெறும் தண்ணீரோ, உப்பு மட்டும் கலந்த தண்ணீரோ குடித்தால் அதில் பெரும்பங்கு அப்படியே வெளியே போகும்.

ஆனால் குறிப்பிட்ட ஒரு புரதத்தை அந்த நச்சு தொடுவதில்லை. குடல் செல்லில், உணவு போகும் பாதையைப் பார்த்த பக்கத்துச் சவ்வில் இருக்கும் அது, சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக மட்டுமே உள்ளே விடும்: இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ். ஒன்று மட்டும் வந்தால் பயணம் இல்லை. 1960-இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை முன்வைத்தார். சோடியம் உள்ளே வந்ததும் மறுபக்கத்துப் பம்பு அதை இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. தண்ணீரும் அங்கே போய்ச் சேர்கிறது. கிருமி எல்லாவற்றையும் குலைத்துப்போட்ட பிறகும் இந்த ஒரு வழி திறந்தே கிடக்கிறது. இதைவிட நம்பிக்கை தரும் செய்தி உடலியங்கியலில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் நிறைந்திருந்த வங்காள எல்லை ஊரான பொங்காவில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் இருந்த சலைன் பாட்டில்கள் தீரத் தொடங்கின. தரையில் நோயாளிகள், ஏற்றுவதற்கு மருந்து இல்லை. அவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் கலந்து கரைசலாக்கி, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. ஊசியும் நர்ஸும் இல்லாமல், அம்மாவும் அண்ணனும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தே அத்தனை பேரைப் பிழைக்கவைத்தார்கள். அவர் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இந்தக் கரைசலுக்கான பொடி இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கிறது. அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். மூலக்கூறு எண்ணிக்கையில் சோடியமும் குளுக்கோஸும் சரிக்குச் சரி. சர்க்கரையை அள்ளிப் போட்டால் பலன் கூடாது. மிஞ்சும் சர்க்கரை உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பாட்டில் குளிர்பானங்களைக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்குங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகப் பிரிந்து அதே புரதத்திடம்தான் போய்ச் சேர்கிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் குழிவிழுந்து, குடிக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாலோ, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். வழியிலும் முடிந்தவரை கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள். கலக்கி ஒரு நாள் ஆன கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

வணக்கம்.