பொன்னுருவி வரும்வரை: புதுச்சேரியில் கதை கேட்ட ராத்திரிகள்

வணக்கம் மக்களே. குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நேற்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. இப்போது காலை ஆறரை மணி, பத்துக்கண்ணு பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன், காலெல்லாம் புழுதி, கையில் சுக்கு காபி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கர்ணன் செத்தான். எட்டு மணி நேரம் அவன் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு அவன் சாவதைப் பார்த்தேன், இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பேசலாம் என்று நினைக்காமல் இங்கேயே கேமராவை எடுத்துவிட்டேன்.

நீங்கள் நிறையப் பேர் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. பாண்டியில் பீச், சர்ச், வெள்ளைக்காரத் தெரு, காபிக் கடை எல்லாம் பார்த்தாயிற்று, சாயங்காலம் ஆனால் போக வேறு என்ன இருக்கிறது என்று. நான் முதலியார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், எனக்கே மூன்று வருஷம் முன்னால் வரைக்கும் இதற்குப் பதில் தெரியாது. தேடிப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ஏன் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது: நான் ‘தெருக்கூத்து’ என்று போட்டுத் தேடினேன், ஊர்க்காரர்கள் நோட்டீஸில் ‘நாடகம்’ என்று போடுகிறார்கள். ‘இரவு 10 மணிக்கு இன்ன நாடக மன்றத்தினரால் கர்ண மோட்சம்’ என்று திருவிழா நோட்டீஸில், உபயதாரர் பெயர்களுக்கு நடுவில், பொடி எழுத்தில் இருக்கும். அது கோயில் சுவரிலும் டீக்கடைத் தூணிலும்தான் இருக்கும், போனில் இருக்காது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

இது திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. நம் பக்கத்தில் தர்மராஜா கோயில் என்றும் சொல்வார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கிராமங்களில் எங்கேயாவது ஒரு ஊரில் இது நடந்துகொண்டே இருக்கும். கொடியேற்றி, மதியத்தில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பிரசங்கியார் வில்லி பாரதத்துப் பாட்டைப் பாடி, பொருள் சொல்லி, நடுவில் ஊர்க் கதையும் சேர்த்துக்கொண்டு போவார். மதியம் காதால் கேட்ட கதையை ராத்திரி கண்ணால் பார்க்கலாம். சில நாளில் பகலிலேயே கதை தெருவுக்கு வந்துவிடும். மூன்று நாள் முன்னால் இங்கே அர்ச்சுனன் தபசு நடந்தது, நட்டு வைத்த உயரமான பனை மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுகிறார், உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் கீழே விழுகின்றன, பிள்ளை வேண்டிக்கொண்ட பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அது நாடகமா பூஜையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, பிரிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நேற்று ஒன்பதரைக்குப் போனேன். கோயிலுக்கு எதிரே தரையில் களரி, அதாவது கூத்தாடுகிற இடம், மேடை கிடையாது. உற்சவ அம்மனைக் கூத்தைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. முகவீணை தெரியும் இல்லையா, நாதஸ்வரத்துக்குத் தங்கச்சி மாதிரி சின்னதாக இருக்கும், சத்தம் மட்டும் காதைத் துளைத்துக்கொண்டு போகும், ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது எழுப்பிவிடுவது அதுதான். கொட்டகைக்குப் பின்னால் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரீடம், தோளில் கட்டை, மார்பில் பதக்கம், எல்லாம் மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்தவை. ஒரு ஆளுக்கு முகம் எழுதி, கட்டை கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கர்ணன் கட்டுகிறவர் பகலில் கொத்தனார் வேலை பார்க்கிறாராம். கண்ணாடியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே அரிதாரம் போட்டுக்கொண்டிருந்தார், விரலில் சிமெண்ட் வெடிப்பு, ஆனால் கோடு ஒரு மயிரிழை விலகவில்லை.

முதலில் கட்டியங்காரன் வந்து, ஊர்க் கதை, ரேஷன் கடைக் கதை, தேர்தல் கதை எல்லாம் பேசிச் சிரிக்க வைத்தான். அப்புறம் இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கிறது. வருகிறவர் தெரியமாட்டார், திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும், தான் யார் என்று பாட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார், சட்டென்று திரை விலகும். நான் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். திரை விலகப் போகிற நேரத்தில் படம் தெளிவாக வரட்டும் என்று கேமரா விளக்கைப் போட்டுவிட்டேன். வேஷக்காரருக்குக் கண் கூசி அடி ஒன்று தவறிப்போனது. பக்கத்தில் இருந்த ஆயா என் கையைப் பிடித்து இறக்கி, “பாப்பா, அணைச்சிட்டுப் பாரு. கண்ணு பழகிடும்” என்றார். அணைத்தேன், கண் பழகியது. அதனால்தான் இந்த வீடியோவில் நேற்றைய காட்சி அதிகம் இல்லை, மன்னித்துவிடுங்கள். காலையில் அவரிடம் போய் வருத்தம் சொன்னேன், பெரிய மனசோடு விட்டுவிட்டார்.

பத்து மணிக்கு நானூறு, ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்கிறவரும் பஜ்ஜிக் கடையும் அமோகமாக ஓடின. ஐம்பது, நூறு அன்பளிப்பு கொடுப்பவர்கள் பெயரைக் கட்டியங்காரன் நடுநடுவே சொல்லிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டரைக்கு மேல் கூட்டம் கரையத் தொடங்கியது, ஒரு மணிக்குப் பாதி காணோம், இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தேன், விழித்திருந்தவர்கள் அறுபது பேர்கூட இருக்கமாட்டார்கள், போர்த்திப் படுத்திருந்தவர்கள் தனி. எனக்கும் கண் சொருகியது. ஆயா தன் போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளி, “நீ படு, பொன்னுருவி வரும்போது எழுப்பறேன்” என்றார்.

எழுப்பினார். மணி மூன்றரை இருக்கும்.

கர்ணன் மறுநாள் போருக்குப் போக வேண்டும், பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு போக வருகிறான். பொன்னுருவி கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள். உன் அப்பா யார், உன் அம்மா யார், தேரோட்டி வளர்த்த பிள்ளை நீ, என்னைத் தொடாதே என்கிறாள். ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தவன் சொந்த வீட்டு வாசலில் நின்று கெஞ்சுகிறான். கடைசியில் தான் பிறந்த கதையைச் சொல்கிறான், குந்தி மகன் என்று சொல்கிறான். அவள் உடைந்துபோய்க் கதவைத் திறக்கும்போது போகிற நேரம் வந்துவிடுகிறது. பொன்னுருவி கட்டியவரும் ஆண்தான், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் விருத்தம் பாடி உட்கார்ந்து அழுதபோது ஆயா வாய்க்குள்ளேயே கூடப் பாடிக்கொண்டிருந்தார், ஒரு சொல் தவறாமல். எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எண்ணலியே” என்றார். அவர் வீட்டுக்காரர் செத்தபோது காரியத்துக்கும் கர்ண மோட்சம்தான் வைத்தார்களாம். நம் பக்கத்தில் அந்த வழக்கம் உண்டு, சாவு வீட்டில் இந்தக் கூத்தை விடிய விடிய ஆடுவார்கள். சொந்தச் சாவுக்கு அழுது முடியாதவர்கள் கர்ணன் சாவுக்கும் சேர்த்து அழுதுகொள்கிறார்கள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

விடிந்ததும் ஜமா வாத்தியாரிடம், அதாவது கூத்துக் குழுவை நடத்துகிறவரிடம், கேட்டேன், கூட்டம் எழுந்து போவதைப் பார்க்கும்போது கதையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றாதா என்று. அம்மனைக் காட்டி, “ஆளு எழுந்து போனா என்னா, அம்மா உக்காந்துதான இருக்கா” என்றார். மக்களே, அது அவருடைய பக்தி, நான் மதிக்கிறேன். ஆனால் நாம் எழுந்து போவதற்கு அது சமாதானம் ஆகாது. இந்தக் கூத்தின் உயிரான இடம் மூன்று மணிக்கு மேல்தான் வருகிறது, பாதியில் போய்விட்டு ‘கூத்து பார்த்தேன்’ என்று சொன்னால் நாம் பார்த்தது காமெடி மட்டும்தான்.

இப்போது டவுனுக்குள் வருவோம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி தெரியும் உங்களுக்கு, பாரதியார் குடியிருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிற வீதி. வீதியின் பெயரிலேயே தர்மராஜா இருக்கிறார் என்பதை இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் இருந்தார், பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இல் வந்தது, எளிய சொல்லும் பொதுமக்கள் விரும்புகிற மெட்டும் வேண்டும் என்று முன்னுரையில் எழுதினார். பாஞ்சாலிக்குக் கொடியேற்றி விடிய விடியக் கதை கேட்கிற சீமையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொண்டு போங்கள், வீடு வேறு மாதிரி தெரியும்.

அதே மாதிரி கருவடிக்குப்பம். நாடகத் தமிழுக்கு ஆசான் என்று சொல்கிற சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இறந்தது நம் புதுச்சேரியில், நினைவிடமும் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவர் நினைவு நாளில் நாடகக்காரர்கள் அங்கே வந்து மாலை போடுகிறார்கள். பல்கலைக்கழகத்து நிகழ்கலைத் துறைக்கும் அவர் பெயர்தான். அந்த ஒரு நாள் போய் ஓரமாக நின்றாலே போதும், வருஷம் முழுக்க எங்கே என்ன நாடகம் என்று சொல்ல ஆட்கள் பழக்கமாகிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் வழி திறந்தது.

மொட்டை மாடிக் கதை ராத்திரியைப் பற்றிப் போன வீடியோவில் பாதி சொன்னேன். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடி, மாசத்துக்கு ஒரு தடவை, இருபது, இருபத்தைந்து பேர், பாய் விரித்து உட்காருவார்கள். காகிதம் வைத்துப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை. போன தடவை ஒரு தாத்தா மில்லுக் கதை சொன்னார். ரோடியர் மில், சவானா மில், கப்ளே மில் என்று இந்த ஊர் சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிட்ட காலம். அப்பாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடுவாராம், அங்கே ஐம்பது தூக்குச்சட்டி, எல்லாம் ஒரே மாதிரி, ஒரு நாள் மாறிப்போய் அவர் அப்பா யாரோ வீட்டுக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து அம்மாவிடம் ‘இன்னைக்குக் குழம்பு நல்லா இருந்தது’ என்று சொல்ல, அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, குரலை மாற்றாமலேயே, 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளிகள் 12 பேரைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதை அவருடைய அப்பா எப்படிச் சொல்வார் என்று சொன்னார். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு வந்தது அந்தப் போராட்டத்தால்தான் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருந்தேன், அன்றைக்குக் கேட்டது மறக்காது.

எழுத்தாளர் கி.ரா., அதாவது கி. ராஜநாராயணன், இந்த ஊருக்கு வந்து பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து, மாணவர்களைக் கொண்டு நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார், 2021-இல் இங்கேதான் காலமானார். கரிசல்காட்டிலிருந்து வந்தவருக்குப் புதுவைக் கிராமங்களில் கதை இருப்பது தெரிந்திருந்தது. இங்கேயே பிறந்த எனக்குத் தெரியவில்லையே என்று அந்த மாடியில் உட்கார்ந்திருந்தபோது உறுத்தியது.

கடலூர்க்காரர்கள் கோபப்படாதீர்கள், உங்கள் ஊருக்குத் தனி வீடியோ போடுகிறேன். இப்போதைக்கு இரண்டு மட்டும். சித்திரை அனுஷத்தில் கரையேறவிட்ட குப்பத்தில் அப்பர் கரையேறிய விழா, கல்லோடு கட்டிக் கடலில் போட்டவர் அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறிய கதை, நடந்ததாகச் சொல்கிற இடத்திலேயே நடக்கிறது. தை 5 அன்று தென்பெண்ணைக் கரையில் ஆற்றுத் திருவிழா, சாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும், சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்பமாட்டார்கள்.

போகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு: கோயிலுக்கு எதிரே பெண்கள் உட்காரும் பக்கம் இருக்கும், நேராக அங்கே போய் ஒரு ஆயா பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பாய், போர்வை, தண்ணீர் எடுத்துப் போங்கள். ராத்திரி திரும்பி வரப் பஸ் கிடைக்காது, அதனால் விடிந்து முதல் பஸ்ஸில் வருவது என்று முடிவோடு போங்கள். கையில் முடிந்ததை அன்பளிப்பாகக் கொடுங்கள், அந்தப் பணம் ஜமாவுக்குத்தான் போகிறது. விளக்குப் போடாதீர்கள்.

இங்கே இன்றைக்கு ராத்திரி பதினெட்டாம் போர், நாளைக் காலையில் துரியோதனன் விழுகிற படுகளம். வரும்போது பார்த்தேன், களத்தில் துரியோதனனுக்கு மண் கொட்டிவிட்டார்கள், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு, நடுவில் இரண்டு பசங்கள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் நாலு மணி நேரம் தூங்கிவிட்டுத் திரும்ப வருகிறேன், ஆயாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர்ச் சுவரில், டீக்கடையில் கூத்து நோட்டீஸ் எதைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், தேதியும் ஊரும் ஜமா பெயரும் வெட்டுப்படாமல் இருக்கட்டும்.