மவுஸ் திணறுகிறதா? பழி வைஃபை மீது மட்டும் இல்லை!

வணக்கம். கம்பியில்லா மவுஸை நகர்த்துகிறீர்கள். திரையில் அம்புக்குறி சற்று நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவுகிறது. பேட்டரி மாற்றியாயிற்று, மவுஸ் பேடும் மாற்றியாயிற்று. அடுத்து புது மவுஸ் வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறீர்களா? செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் புது மவுஸும் இப்படித்தான் திணறும்.

டாங்கிள், அதாவது மவுஸின் சிக்னலை வாங்கக் கம்ப்யூட்டரில் செருகும் குட்டிக் கருவி. அதோடு மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அங்கேதான். இந்தியாவில் அந்த அலைவரிசையைக் குறைந்த திறன் கருவிகள் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று 2005-இல் விதி வந்தது. பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

[திரையில்: போனில் வைஃபை பட்டியல்]

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இந்தப் பட்டியலைத் திறந்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் பிளாக் எல்லாம் வரிசையாக வரும். இத்தனை வைஃபைக்கும் அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தனித்தனிப் பாதைகள், 1, 6, 11 என மூன்றுதான். ரவுட்டர் ஏறக்குறைய 100 மில்லிவாட்டில் பேசும். மவுஸ் ஓரிரு மில்லிவாட்டில். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில், ஒலிபெருக்கிகளுக்கு நடுவே காதோடு விலை கேட்பதைப் போல! சாதாரண மவுஸ் நொடிக்கு 125 முறை தன் இருப்பிடத்தைச் சொல்கிறது. ஒன்றிரண்டு தவறினால் கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து பத்து தவறினால் 80 மில்லிநொடி போய்விடும். அதைத்தான் நாம் தாவல் என்று பார்க்கிறோம்.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரையில்: கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கம், நெருக்கத்தில்]

பெரும்பாலும் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும் இந்தச் சொருகுவாயைப் பாருங்கள். இது யூ.எஸ்.பி. 3.0. ரேடியோ கருவியே இல்லை, வெறும் கம்பி இணைப்பு. ஆனால் இதில் நொடிக்கு 500 கோடி பிட்கள் ஓடும்போது கம்பியிலிருந்தும் இணைப்பிலிருந்தும் இரைச்சல் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவிக் கிடக்கிறது! 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. யூ.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் அருகில் இரைச்சல் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏறியது. அதாவது 100 மடங்கு. பக்கத்து வீட்டு ரவுட்டருக்கு இடையில் சுவராவது இருக்கிறது. இந்த இரைச்சல் உங்கள் டாங்கிளிலிருந்து ஒரு விரல் தூரத்தில் பிறக்கிறது.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் கம்பி, அதை ஒட்டி நகக்கண் அளவு டாங்கிள். பின்னால் சுவர், முன்னால் இரும்புப் பெட்டி, மவுஸ் இருப்பதோ மேஜைக்கு மேலே! சிக்னல் எப்படிப் போய்ச் சேரும்?

நீங்களே சோதிக்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுங்கள். அது ஓடும்போதே மவுஸை வட்டமாகச் சுழற்றுங்கள். திணறுகிறதா? நகல் முடிந்ததும் சரியாகிறதா? அப்படியானால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

தீர்வு ஒரு மீட்டர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி. பழைய 2.0 வகையே தாராளம். மவுஸ் அனுப்பும் தகவல் மிகக் கொஞ்சம். டாங்கிளை மேஜைமேல், மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். சில நிறுவனங்கள் இந்தக் கம்பியைப் பெட்டிக்குள்ளேயே தருகின்றன. எல்லா நிறுவனங்களும் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குப் பிறகும் தாவினால் ரவுட்டரை மேஜையிலிருந்து தள்ளி வையுங்கள். லேப்டாப்பையும் போனையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். ரவுட்டர் அமைப்புகளில் 2.4-இன் சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 20 ஆக்குங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, மாடி வீட்டாருக்கும் அது நல்லது.

சோதனை செய்தவர்கள், டாங்கிள் எந்தச் சொருகுவாயில் இருந்தது, பக்கத்தில் என்ன செருகியிருந்தது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.