பாஸ்கா இரவுக்கு ஆயத்தம்

வானொலி நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பிப்ரவரி 18, சாம்பல் புதனில் தொடங்கிய இந்த 2026ஆம் ஆண்டுத் தவக்காலம் கடைசி வாரங்களுக்கு வந்துவிட்டது. சிலுவைப்பாதைக்கு வெள்ளிதோறும் கூட்டம் குறையவில்லை. பெரிய வெள்ளியன்று கோயில் கொள்ளாது. அதற்கு அடுத்த இரவைத்தான் பல பங்குக் கோயில்களில் கடைசி நேரத்தில் ஓடியாடிச் சமாளிக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பைச் சொல்கிறேன். திருவிழிப்புகளுக்கெல்லாம் தாய் என்று புனித அகுஸ்தினார் அழைத்த இரவு அது. தவக்காலமே அந்த இரவுக்காகத்தான்.

இயேசு பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார், அதனால் தவக்காலம் என்று எல்லாரும் அறிவோம். அது சரிதான். ஆனால் இந்தக் காலம் உருப்பெற்றதில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தவர்கள் அதற்கு முந்திய வாரங்களில் நோன்பிருந்து ஆயத்தமானார்கள். ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இந்த ஆண்டு தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறு நற்செய்திகளைப் பாருங்கள். கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், கல்லறையில் இலாசர். தண்ணீர், ஒளி, உயிர். மூன்றும் பாஸ்கா இரவில் மறுபடி வரும், கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடிய வடிவத்தில்.

அந்த இரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது நம்மிடம் சில கேள்விகள் கேட்கப்படும். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்பது முதல் தொகுதி. தந்தையை, மகனை, தூய ஆவியாரை நம்புகிறீர்களா என்பது அடுத்தது. பதில் ஒவ்வொன்றும் ஒரு சொல்தான். அதனால்தான் அது எளிதாக வாயில் வந்து போய்விடுகிறது. நோன்புக்குத் திருச்சபை வைத்திருக்கும் சட்டம் மிகச் சிறியது: 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை, சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒரு நேரம் மட்டும் முழுச் சாப்பாடு. அதற்கு மேல் நாமாக விட்டவை, குடியோ கோபமோ செல்போனோ, எதுவாக இருந்தாலும் அதன் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்ல வேண்டும். மீதமுள்ள நாட்களில் இந்தக் கேள்விகளை ஒரு நாளுக்கு ஒன்றாக எடுத்துவைத்துக்கொண்டு இரவில் ஐந்து நிமிடம் யோசித்தால் போதும். தனியாக வேறு புத்தகம் தேவையில்லை.

இந்த இரவு நமக்குத் திரும்பக் கிடைத்ததே அண்மையில்தான். பல நூற்றாண்டுகளாகத் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே நடந்துவந்தது. ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருக்க, 'இதுவே அந்த இரவு' என்று, திருவிழிப்பின் நீண்ட புகழ்ப்பாடலான பாஸ்கா புகழுரையைப் பாடினார்கள். கோயிலில் ஆட்களும் அதிகம் இருக்கமாட்டார்கள். 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் இதை இரவில் கொண்டாடச் சோதனை முறையில் அனுமதி தந்தார். 1955இல் புனித வாரம் முழுவதையும் சீர்திருத்தும் ஆணை வந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இன்றைய சட்டம் தெளிவானது: இருட்டிய பிறகே தொடங்க வேண்டும், ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும். ஆறரை மணிக்குத் தொடங்கிவிட்டால் வசதி என்று நினைக்கும் இடங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஏப்ரல் 4 அன்று தமிழ்நாட்டில் சூரியன் மறையவே ஆறே காலுக்கு மேலாகிவிடும். ஏழரைக்கு முன்னால் உண்மையான இருட்டு இல்லை. முழுநிலவு கழிந்து இரண்டாம் இரவு என்பதால் நிலவு எழவும் தாமதமாகும். ஏழரை, எட்டுக்குத் தொடங்குபவர்களுக்கு நல்ல இருட்டு கிடைக்கும்.

இருட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். இதில்தான் அதிகம் சறுக்குகிறது. விளக்கை அணையுங்கள் என்றதும் யாராவது மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார்கள், மைக்கும் செத்துப்போகும். ஆம்பிளிஃபயருக்குத் தனி இணைப்பு வேண்டும், அல்லது இன்வெர்ட்டரில் போட்டுவிட வேண்டும். மின்சாரம் போனதும் தானாக எரியும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று பீடத்தின் பக்கம் மாட்டியிருக்கும்; அதை மறந்தால் கோயில் முழுக்க வெள்ளை வெளிச்சம். முகப்பில் போட்ட சீரியல் விளக்கு, நற்கருணைப் பேழையின் அலங்கார விளக்கு, செல்போன்கள், எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். சுவிட்ச் போர்டு அருகே ஒருவரை நிறுத்தி, எப்போது எதைப் போடுவது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். முழு இருட்டில் இரண்டு நிமிடம் நிற்காத மக்களுக்கு ஒரு திரியின் ஒளி பெரிதாகத் தெரியாது.

அடுத்து, கோயிலுக்கு வெளியே மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றும் தீ. வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1988இல் வெளியிட்ட சுற்றுமடல், தீச்சுடர் உண்மையாகவே இருளை அகற்றி இரவை ஒளிர்விக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒரு தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி முடித்துக்கொள்வது அதற்கு ஈடாகாது. இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் நன்றாகக் காய்ந்த விறகும் தேங்காய்ச் சிரட்டையும் அடுக்குங்கள். சிரட்டை சீக்கிரம் பிடிக்கும். விறகு நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றினால் கரும்புகை வரும், தூபக் கலசத்துக்கு எடுக்கும் கரியிலும் அந்த வாடை ஏறிவிடும், சாம்பிராணி மணக்காது. தூபத்துக்கான கரித்துண்டுகளைத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே தீயின் ஓரத்தில் போட்டுவைத்தால்தான் இடுக்கியால் எடுக்கும்போது சிவந்திருக்கும். காற்று மக்கள் நிற்கும் பக்கமாக அடிக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

உயிர்த்த கிறிஸ்துவின் அடையாளமான பெரிய மெழுகுதிரிதான் பாஸ்கா திரி. அது மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே எண்ணெய் ஊற்றி எரிக்கும் பிளாஸ்டிக் குழாயைத் திரிபோல வைக்கக் கூடாது. சென்ற ஆண்டுத் திரியில் ஆண்டின் இலக்கங்களை மட்டும் மாற்றி ஒட்டுவதும் கூடாது. கிறிஸ்து தம்மையே கரைத்துத் தந்தார் என்று மறையுரையில் சொல்லிவிட்டு, கரையாத ஒன்றை ஏற்றிவைத்தால் மக்கள் எதை நம்புவார்கள்?

திரியின்மேல் பொறிப்பவை: சிலுவை, அதன் மேலும் கீழும் முதலும் முடிவுமான அகரமும் னகரமும், நான்கு மூலைகளில் 2, 0, 2, 6. பிறகு ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகள். இந்த ஐந்தையும் குரு அந்த நேரத்தில் அழுத்திக் குத்தினால் மெழுகு விரிசல் விடும். முந்தின நாளே ஊசியைச் சுடவைத்துத் துளை போட்டுவைக்க வேண்டும். புதிய திரிநூல் வெளிக்காற்றில் பற்றியவுடன் அணைவதும் வழக்கமான தொல்லை. நூலின் நுனியை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து வைத்தால் சுடர் பிடித்து நிற்கும். திரியின் அடிப்பாகம் தண்டின் குழியில் பொருந்துகிறதா என்று கடையிலிருந்து வந்த அன்றே பார்த்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் கத்தியைச் சூடாக்கிச் சீவ வேண்டும். குளிர்ந்த கத்தி மெழுகை உடைக்கும். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் ஜன்னலோரம் சாய்த்து வைத்த திரி வளைந்துபோகும். நிழலில், நேராக நிற்கவையுங்கள்.

பவனியில் 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்று மூன்று இடங்களில் பாடப்படுகிறது: கோயில் வாசலில், நடுவில், பீடத்தின் முன். இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு மக்களின் திரிகள் ஏற்றப்படும். இங்கே ஒரே ஒரு விதியைப் பீடச்சிறுவர்களுக்கும் மக்களுக்கும் சொல்லிவையுங்கள்: எரியும் திரி நிமிர்ந்தே இருக்கட்டும், எரியாத திரிதான் சாய வேண்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் சேலையிலும் பக்கத்துப் பிள்ளையின் கையிலும் மெழுகு கொட்டுகிறது. திரிக்குக் காகித வட்டு போடுங்கள். மக்களின் திரி புகழுரை முடியும்வரை எரிந்து, அணைக்கப்பட்டு, திருமுழுக்கு வாக்குறுதிகளின்போது மறுபடி ஏற்றப்படும். மொத்தத்தில் அரை மணி நேரம் தாங்க வேண்டும். வாங்குமுன் ஒன்றை வீட்டில் எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது அறிவிப்புக்குப் பின் கோயில் விளக்குகள் எரியலாம். பீடத்தின் திரிகள் மட்டும், வாசகங்களுக்கு நடுவே வரும் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் வரை காத்திருக்கும்.

பாஸ்கா புகழுரையைத் திருத்தொண்டரோ குருவோ பாடுவார். இருவராலும் இயலாவிட்டால் பொதுநிலைப் பாடகர் பாடலாம், அவர் விட்டுவிட வேண்டிய வரிகள் திருப்பலி நூலிலேயே குறிக்கப்பட்டுள்ளன. பத்து நிமிடப் பாடல் இது. முதல் வரியை உயரத்தில் தொடங்கினால் நடுவில் தொண்டை கட்டிவிடும். ஆதாமின் குற்றத்தையே பேறுபெற்றதென்று அது கொண்டாடுகிறது, ஏனென்றால் இத்தகைய மீட்பரை அது நமக்குப் பெற்றுத் தந்தது. தேனீக்களின் உழைப்பையும் நினைத்து நன்றி சொல்கிறது. தவக்காலம் முழுவதும் தன் பாவத்தை எண்ணிக் குமைந்தவர்களுக்கு இந்த ஒரு பாட்டு பெரிய ஆறுதல். சொற்கள் தெளிவாகக் காதில் விழ வேண்டும். கீபோர்டை நிறுத்திவிடுங்கள்.

வாசகங்கள் ஒன்பது, பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு. ஏழையும் வாசிப்பதே முறை. குறைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று. அதிலும் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை எந்த நிலையிலும் விடக் கூடாது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வாசகங்களைக் குறைத்து மிச்சப்படும் நேரம் பெரும்பாலும் முன்னுரைகளுக்கும் அறிவிப்புகளுக்கும்தான் போகிறது. ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் ஒரு பக்கக் கட்டுரை எதற்கு? தொடக்கநூல் வாசகத்தில் 'மாலையும் காலையும் நிறைவுற்று' என்ற வரி ஆறு முறை வரும். வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு மூச்சு நின்றால் போதும், படைப்பின் ஆறு நாளும் கேட்பவர் மனத்தில் பிரிந்து நிற்கும். விடுதலைப் பயண வாசகம் முடிகிற இடத்தில் மோசே பாடத் தொடங்குகிறார். பாடகர் குழு அதற்கு முன்பே எழுந்து தயாராக நிற்க வேண்டும். ஒவ்வொரு பதிலுரைப் பாடலுக்குப் பின்னும் மக்கள் எழுந்து நிற்க, குரு மன்றாட்டைச் சொல்கிறார். 'மன்றாடுவோமாக' என்ற பின் வரும் மௌனத்தை விழுங்கிவிடாதீர்கள்.

பிறகு 'உன்னதங்களிலே' பாடப்படும். பெரிய வியாழனிலிருந்து மரக்கட்டைக்கு இடம் கொடுத்து ஒதுங்கியிருந்த மணிகள் அப்போது ஒலிக்கும். நம் பங்குகள் பலவற்றில் இதே நேரத்தில்தான் திரை விலகும், இடியோசை கேட்கும், உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கயிற்றில் மேலெழும், வெளியே வெடி. மக்களுக்கு அதில் இருக்கும் பிரியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்கு நற்செய்திகளில் ஒன்றிலாவது இயேசு கல்லறையிலிருந்து எழுவதை யாரும் பார்த்ததாக எழுதப்படவில்லை. இந்த ஆண்டு வாசிக்கும் மத்தேயு 28இல்கூட, தூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் உட்கார்ந்து, அவர் இங்கே இல்லை என்றுதான் பெண்களிடம் சொல்கிறார். அவர்கள் முதலில் கேட்டார்கள், நம்பி ஓடினார்கள், வழியில் அவரைக் கண்டார்கள். சுரூபம் முன்னாலேயே எழுந்துவிட்டால் நற்செய்தி பழைய செய்தியாகிவிடுகிறது, அல்லேலூயாவும் அப்படியே. சாம்பல் புதனுக்கு முன்னால் நிறுத்திய சொல் அது. குரு அதை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திப் பாட வேண்டும். ஆகவே முதல் முறை தாழத் தொடங்கட்டும். சுரூபத்தைத் திருப்பலி முடிந்தபின் பவனியாகக் கொண்டுவந்தால் இரண்டும் கெடாது.

தண்ணீருக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் போதாது. மக்கள் அனைவர்மேலும் தெளித்து, வீட்டுக்கும் எடுத்துச் செல்லும் அளவு வேண்டும். பெரிய அண்டாவைத் துலக்கி வையுங்கள். தண்ணீரை மந்திரிக்கும்போது பாஸ்கா திரியை அதில் இறக்குவதானால், திரியின் அடியில் ஒட்டிய தூசியை முன்பே துடைத்துவிட வேண்டும். நனைந்த மெழுகு வழுக்கும், ஆகவே பீடச்சிறுவர் ஒருவர் துண்டோடு நிற்கட்டும். தெளிப்பதற்கு இலைக்கொத்து நல்லது. முகத்தில் நாலு துளி விழுந்ததென்று தெரிய வேண்டும். உரோமையர் 6இல் பவுல் சொல்கிறார், திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம் என்று. அடக்கம் என்ற அளவுக்குப் பேசிவிட்டு, விரல் நுனித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது பொருந்தவில்லை.

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் ஒன்று. இந்தத் திருப்பலி நள்ளிரவுக்கு முன் முடிந்தாலும் அது உயிர்ப்பு ஞாயிறின் திருப்பலியே. ஞாயிறு கடமை நிறைவேறிவிடும். இரவில் நற்கருணை வாங்கியவர் மறுநாள் பகல் திருப்பலியிலும் வாங்கலாம். முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் காலையில் வரட்டும். அவர்களுக்கும் அன்று வாக்குறுதிகளைப் புதுப்பித்துத் தண்ணீர் தெளிக்கலாம். பாஸ்கா திரி மே 24, பெந்தக்கோஸ்து நாள்வரை வாசக மேடைக்கோ பீடத்துக்கோ அருகில் நின்று எரியும். அதன்பின் திருமுழுக்குத் தொட்டியிடம் போகும். திருமுழுக்கின்போதும் அடக்கத் திருப்பலியின்போதும் மட்டும் ஏற்றப்படும். நன்றி, வணக்கம்.