வீட்டுப்பள்ளியும் ஆலய மண்டபத்துச் சாவியும்

தலைமை தாங்கும் சேகரகுரு ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கமிட்டி அங்கத்தினர்களே, காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டும் தம்பி, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

‘வீட்டுக்கல்வியில் விசுவாசம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று காரியம் சொல்கிறேன்: ஜெபம், பொறுமை, பணம். எங்கள் ஆச்சி அடிக்கடி சொல்வார்கள், ‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.’ இன்றைக்கு இதை நான் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில், எப்வொர்த் குருமனையில் வாழ்ந்த சூசன்னா வெஸ்லி அம்மையார் பெற்றது 19 பிள்ளைகள். பிழைத்தது 10. அத்தனை பேருக்கும் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஐந்து வயது முடிந்தால் ஒரே நாளில் எழுத்து படிக்க வேண்டுமாம்! மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜானும் சார்லஸும் அந்த வகுப்பு மாணவர்கள்தான். ஜெபிக்கத் தனியிடம் கிடைக்காதபோது ஏப்ரனைத் தலைக்கு மேல் போட்டுக்கொள்வார் என்பார்கள்.

நானும் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். நீள்வகுத்தலில் மூத்தவனுக்கு மூன்று வாரமாக மீதி வரவே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுக்களையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, “ஆண்டவரே, என்னால் முடியாது” என்று அழுதேன். சின்னவள் வந்து முந்தானையைத் தூக்கி, “அம்மா, கண்ணாமூச்சியா?” என்றாள். ஜெபம் அதோடு முடிந்தது, சிரிப்புதான். ஆனாலும் கேட்கப்பட்டது என்றே நம்புகிறேன். அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளிக்கு மிட்டாய் பொட்டலம் போட வேண்டியிருந்தது. 130 மிட்டாய், 9 பொட்டலம். பையன் பதினான்கு பதினான்காகப் போட்டுவிட்டு, “மீதி நாலும் எனக்குத்தானே?” என்றான். வகுத்தல் வந்துவிட்டது! ஆடிக் கறக்கிற மாடு அது; நான் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பரீட்சைக்கு என்ன செய்வீர்கள் என்று அத்தைமார் கேட்கிறார்கள். 1989 முதல் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, 14 வயது முடிந்தால் அதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்குக்கூட விசுவாசம் கொஞ்சம் போதும். தனிமைக்குத்தான் நிறைய வேண்டியிருக்கிறது. நாள் முழுக்க நாலு சுவருக்குள் அம்மாவும் பிள்ளைகளும்தான். உபாகமம் ஆறாம் அதிகாரம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் போதிக்கச் சொல்லவில்லை, வழியில் நடக்கும்போதும் என்கிறது. வழியில் நடந்து எங்கே போவது?

அதனால்தான் கேட்கிறேன். நம் ஆலய மண்டபம் திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டியே கிடக்கிறது. போன வருஷமும் கேட்டேன், அதற்கு முந்தின அசன விருந்திலும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மட்டும் தாருங்கள். கரண்ட் பில் நாங்கள் கட்டுகிறோம், நாற்காலியை அடுக்கிவைத்துவிட்டுப் போகிறோம். பாடிக் கறக்கிற பிள்ளைகளுக்கு அங்கே ஆர்மோனியமும் இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்வதற்குள் ஐயா மணியடித்துவிட்டீர்கள். சரி, உட்காருகிறேன். மண்டபத்துச் சாவி ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கிறதா, கமிட்டி ஐயாவிடம் இருக்கிறதா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.